இரைப்பையைச் சுற்றி ஒரு வளையம்

மாணவர்களே, "உடம்பு இளைக்க வயிற்றில் வளையம் போட்டிருக்கிறார்" என்ற பேச்சை உறவினர் வீடுகளில் நீங்கள் கேட்டிருக்கலாம். வளையம் போட்டால் வயிறு சுருங்கிவிடும், சாப்பாடு உள்ளே இறங்காது, எடை தானாகக் குறையும் என்பது பலரின் எண்ணம். இதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பவர் பின்னர் ஏமாற்றம் அடைவார். சில வேளைகளில் ஆபத்திலும் சிக்குவார். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். ஆகவே இது நம் வீட்டுக்கு வெளியே உள்ள செய்தி அன்று.

முதலில் கருவியைப் பார்ப்போம். இரைப்பை வளையம் சிலிக்கோனால் ஆனது. உடல் எளிதில் எதிர்க்காத பொருள் என்பதால் சிலிக்கோனைத் தேர்ந்தெடுத்தார்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இதைப் பூட்டுவார்கள். வளையத்துக்கு மேலே ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சிறு பை உருவாகும். அதாவது ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி அளவு. இரைப்பையை வெட்டுவதில்லை, தைத்துக் குறுக்குவதும் இல்லை. வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தியே இந்த வேலையை முடிக்கிறார்கள். பெல்ஜியத்தில் மருத்துவர் மித்திக்கு பெலாச்சு 1993இல் இந்தத் துளை முறையில் வளையம் பொருத்தினார்.

வளையத்தின் உட்பக்கத்தில் ஒரு பலூன் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைத்த சிறு வில்லையில் முடிகிறது. மருத்துவர் தோல்வழியே அந்த வில்லைக்குள் ஊசி செலுத்தி உப்புநீரை ஏற்றினால் பலூன் உப்பும், வளையம் இறுகும். நீரை உறிஞ்சினால் தளரும். கர்ப்பிணிக்குக் கூடுதல் உணவு தேவைப்பட்டால் இப்படித் தளர்த்திவிடலாம். ஏன் சாதாரண நீரை விட்டு உப்புநீர்? 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசலின் செறிவு நம் உடல் திரவத்தின் செறிவை ஒத்தது. பலூன் கசிந்தாலும் சுற்றியுள்ள உயிரணுக்கள் வீங்குவதோ சுருங்குவதோ இல்லை. சவ்வூடு பரவல் பாடம் இங்கே நேராக வேலை செய்கிறது.

இனி, வளையம் பசியை எப்படிக் குறைக்கிறது? புனலின் வாயை அடைப்பதுபோல் உணவைத் தடுத்து மேலே நிறுத்தி வைக்கிறது என்றுதான் முதலில் கருதினார்கள். மெல்பர்னில் நடந்த ஆய்வுகள் வேறு விளக்கம் தந்தன. வளையம் சரியான இறுக்கத்தில் இருந்தால், நன்றாக மென்ற ஒரு வாய் உணவு அங்கே நெடுநேரம் தங்குவதில்லை. உணவுக்குழாய் பல முறை சுருங்கி அதைக் கீழே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு தள்ளலின்போதும் அப்பகுதியின் சுவர் அழுந்துகிறது. அந்த அழுத்தச் செய்தியை வேகஸ் நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது. "போதும்" என்ற உணர்வு அதிலிருந்துதான் பிறக்கிறது. அதனால்தான் சிறு சிறு வாயாக, நிதானமாக மென்று உண்ணும்படி நோயாளியிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவசரமாக விழுங்கினால் அடைத்துக்கொள்ளும், நெஞ்சு வலிக்கும், உணவு வாய்வழியே திரும்பிவரும். மென்மையான ரொட்டி, ஒட்டும் சோறு, நார்நாரான இறைச்சி ஆகியவை பலருக்குத் தொல்லை தருபவை.

மேற்சொன்னதெல்லாம் திட உணவுக்கு. திரவத்துக்கு வளையம் ஒரு தடையே இல்லை. தே தாரிக், மைலோ, சிராப், பனிக்கூழ் எல்லாம் அழுத்தமின்றி வழுக்கி இறங்கிவிடும். நரம்புக்கும் பெரிதாகச் செய்தி போகாது. ஒரு குவளைப் பானத்தில் 35 கிராம் சீனி இருப்பதாகக் கொள்வோம். கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் அது 140 கிலோகலோரி. நாளுக்கு மூன்று குவளை என்றால் 420. சோற்றைப் பாதியாகக் குறைத்தவர் அதைப் பானமாகக் குடித்து ஈடுகட்டிவிடலாம், அதுவும் தெரியாமலேயே! என் கருத்தில், மயக்க மருந்து பற்றிய விளக்கத்துக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லவேண்டியது இதைத்தான்.

அடுத்த கேள்வி, எவ்வளவு இளைக்கலாம்? மருத்துவர்கள் "கூடுதல் எடையில் இத்தனை விழுக்காடு" என்று சொல்வார்கள். மொத்த எடையில் என்று நோயாளி புரிந்துகொள்வார். இரண்டும் ஒன்றல்ல. 1.60 மீட்டர் உயரமும் 95 கிலோகிராம் எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உடல் நிறைக் குறியீட்டெண் என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது: 95 ÷ 2.56 = 37.1. குறியீட்டெண் 25க்கு உரிய எடை 64 கிலோகிராம். ஆகவே கூடுதல் எடை 31 கிலோகிராம். ஆஸ்திரேலியாவில் வளையம் பொருத்தியவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், கூடுதல் எடையில் சராசரியாக 47 விழுக்காடு குறைந்திருந்தது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 14.6 கிலோகிராம். சிகிச்சை நன்கு பலித்த பிறகும் அவர் எடை 80 கிலோகிராமாக இருக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர இது பெரிதும் உதவும், ஐயமில்லை. ஆனால் அவர் மனத்தில் கண்ட உருவம் கண்ணாடியில் தெரியாது.

வளையம் வாழ்நாள் முழுதும் பராமரிக்கவேண்டிய ஒரு கருவி. கீழிருக்கும் இரைப்பைப் பகுதி வளையத்துக்குள் நழுவி மேலேறலாம். அப்போது இரத்த ஓட்டம் தடைபட்டால் அது அவசர நிலை. வளையம் மெல்ல மெல்ல இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகலாம். குழாய் கசியலாம், வில்லை இருக்கும் இடத்தில் கிருமி தொற்றலாம். விடாத வாந்தி, உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமை, கடும் வயிற்றுவலி ஆகியவை வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். இரவில் படுத்ததும் புளித்த நீர் தொண்டைக்கு ஏறி இருமல் வந்தால், வளையம் மிக இறுகியிருக்கிறது என்று பொருளாகலாம்.

இக்காரணங்களால் வளையத்தின் மவுசு குறைந்துவிட்டது. அமெரிக்காவில் 2011இல் எடை குறைப்பு அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்கு வளையமாக இருந்தது. 2016இல் அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இப்போது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிக் குழாய்போல் ஆக்கும் முறையே அதிகம் நடக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியும் அதில் நீங்கிவிடுவதால் எடை கூடுதலாகக் குறைகிறது. ஆனால் வெட்டிய இரைப்பை திரும்ப வராது. வளையத்தையோ கழற்றிவிடலாம், கழற்றினால் பசியும் எடையும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

உங்கள் வயதினரைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. மெல்பர்னில் 14 முதல் 18 வயதுவரையுள்ள, குறியீட்டெண் 35க்கு மேற்பட்ட 50 பேரைச் சேர்த்தார்கள். 25 பேருக்கு வளையம், 25 பேருக்கு உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல். 2010இல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் வளையக் குழுவினர் சராசரியாக 34.6 கிலோகிராம் இளைத்தனர், மற்றவர்கள் 3 கிலோகிராம். பெரிய வெற்றிதான். ஆனால் அந்த இரண்டே ஆண்டுகளில் வளையக் குழுவில் 7 பேர் மீண்டும் அறுவை சிகிச்சை மேசைக்குப் போகவேண்டியிருந்தது. இரு எண்களையும் சேர்த்தே படியுங்கள். வகுப்பில் "குண்டு" என்று கேலி செய்கிறார்கள் என்பது இந்தச் சிகிச்சைக்கான காரணம் ஆகாது. நீரிழிவு, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற நோய்கள், வளர்ச்சி முடிந்ததா என்ற நிலை, பெற்றோரின் ஒத்துழைப்பு எல்லாவற்றையும் பார்த்தபின்தான் மருத்துவர் குழு பேசத் தொடங்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள்: 1.70 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 110 கிலோகிராம் எடை கொண்டவர். அவருடைய குறியீட்டெண் எவ்வளவு? கூடுதல் எடையில் 47 விழுக்காடு குறைந்தால், அவருடைய புதிய எடையும் புதிய குறியீட்டெண்ணும் என்ன?