ஆய்வுரை: ஒரு முடிவும் அதன் சான்றும்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது, அதன் வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் விண்ணில் இருந்த அந்த நாட்களிலேயே, மோதலின் விளைவு என்னவாக இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் கணக்கிட்டு, நாசா அதிகாரிகள் முன் ஸ்லைடுகளாக வைத்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பை மேலோட்டமாகப் படிப்பவருக்கு, பழைய சோதனை முடிவுகள் நமக்குச் சாதகமாகவே இருக்கின்றன என்ற நிம்மதிதான் கிடைக்கும். அதே ஸ்லைடின் அடியில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாக, வேறொரு செய்தி இருந்தது. சோதனைகளில் பயன்பட்ட துண்டின் பருமன் 3 கன அங்குலம். இறக்கையில் மோதிய துண்டுக்கு அவர்கள் போட்ட மதிப்பு 1920 கன அங்குலம். இடையில் 640 மடங்கு வேறுபாடு. அப்படியானால் அந்தச் சோதனைகளை வைத்து இந்த மோதலைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அந்த ஸ்லைடின் தலைப்பாக வந்திருக்க வேண்டிய செய்தி, அதன் கடைசி வரியாக ஒடுங்கிக் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது.

அந்த ஒரு ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக ஊறிப்போன நிர்வாகப் பழக்கங்களையும் விசாரணைக் குழு காரணமாகக் காட்டியது. ஆனால் 2003 ஆகஸ்டில் வெளிவந்த தன் அறிக்கையில், தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடைப் பற்றிச் செய்த பகுப்பாய்வுக்கும் அது இடம் கொடுத்தது. முறையான தொழில்நுட்ப அறிக்கைகளின் இடத்தை ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டதை நாசாவின் குறைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் பொது வாய்மொழித் தேர்வுகளிலும் உயிர் போவதில்லை. ஆனால் அதே பிழை அங்கே அன்றாடம் நடக்கிறது. நல்ல ஆய்வு இருக்கிறது, தரவும் இருக்கிறது, ஆனால் என்ன கண்டுபிடிக்கப்பட்டது என்பது கேட்பவரைச் சேர்வதில்லை. ஆய்வுரையின் வேலை ஒரே ஒரு முடிவையும், கேட்பவரே எடைபோட்டுப் பார்க்கப் போதுமான சான்றையும், அந்த முடிவு எதுவரை செல்லும் என்ற எல்லையையும் முன்வைப்பது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

1. கணினியைத் திறக்கும் முன் முடிவை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

பெரும்பாலான ஆய்வுரைகள் தயாராகும் விதம் ஒன்றுதான். ஆய்வேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இயலிலிருந்தும் இரண்டு மூன்று பத்திகளை வெட்டி ஸ்லைடில் ஒட்டுவது. இதில் ஆய்வேட்டின் அமைப்பு வந்துவிடும், வாதம் வராது. அதனால் முதல் வேலையைக் காகிதத்தில் செய்யுங்கள். 'நான் எதைப் பற்றி ஆராய்ந்தேன்' என்பதை விட்டுவிட்டு, 'நான் கண்டது என்ன' என்பதை வினைமுற்றோடு முடியும் ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். கடலோரக் கிணறுகளை ஆராய்ந்த மாணவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'கடலோர நிலத்தடி நீரின் உவர்ப்புத்தன்மை: ஓர் ஆய்வு' என்பது பொருள் மட்டும்தான். 'நாங்கள் அளந்த ஊர்களில், கோடையில் கிணறு உவர்ப்பதற்குக் கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நீர் இறைக்கப்படுகிறது என்பதே பெரிய காரணம்' என்பது முடிவு. இதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம், சோதித்துப் பார்க்கலாம். முதல் வாக்கியத்தை வைத்து இவற்றில் எதையும் செய்ய முடியாது.

நான்கைந்து ஆண்டு உழைப்பை ஒரே வாக்கியத்தில் அடைத்தால் நுணுக்கம் போய்விடாதா என்று ஆய்வாளர்கள் கேட்பது நியாயம். அதற்கு வழி, எல்லையையும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வைப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் 'நாங்கள் அளந்த ஊர்களில்', 'கோடையில்' என்ற இரண்டு சொற்றொடர்களும் அதைத்தான் செய்கின்றன. கொலம்பியா ஸ்லைடில் முடிவு மேலேயும் எல்லை அடியிலுமாகப் பிரிந்ததுதான் சிக்கல். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை விட முடியாது. சுருக்குவது முடியாத காரியமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில், முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மூன்று நிமிடத்தில், அசைவற்ற ஒரே ஒரு ஸ்லைடை வைத்துத் தங்கள் ஆய்வை விளக்க வேண்டும். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. அந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்து பாருங்கள். மூன்று நிமிடத்தில் சொல்ல வராத முடிவு, பெரும்பாலும் உங்களுக்கே இன்னும் தெளிவாகாத முடிவு.

2. அந்த முடிவைத் தாங்கும் ஒப்பீட்டைத் தேடுங்கள்

அடுத்து, கையில் இருக்கும் அட்டவணைகளில் எது இந்த முடிவைத் தாங்குகிறது என்று பாருங்கள். எண்கள் அதிகமாக இருப்பதால் ஒரு வாதம் வலுப்பெறுவதில்லை. சரியான ஒப்பீடு இருந்தால்தான் வலுப்பெறும். இதற்கு 1986ஐவிடக் கூர்மையான பாடம் கிடையாது. ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்டு வெடித்துச் சிதறியதற்கு முந்தைய நாள், மார்ட்டன் தையக்கால் நிறுவனப் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் ஒரு எச்சரிக்கை விடுத்தார்கள். குளிரில் ராக்கெட் இணைப்பின் ரப்பர் வளையங்கள் விறைத்துவிடும். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். ஆனால் விவாதத்தில் வளையம் சேதமடைந்த பயணங்கள் மட்டுமே ஒப்பிடப்பட்டன. சுமார் 24 டிகிரியிலும் ஒருமுறை சேதம் நேர்ந்திருந்ததால், வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று எதிர்த்தரப்பால் சொல்ல முடிந்தது. பின்னர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் சேதமே இல்லாத பயணங்களையும் அதே வரைபடத்தில் சேர்த்துப் பார்த்தது. சுமார் 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே சேதம். விட்டுப்போன புள்ளிகள் வந்து சேர்ந்ததும் தொடர்பு கண்ணுக்கு முன் நின்றது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்தப் பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜாலியும் சில அறிஞர்களும், பொறியாளர்களின் வரைபடங்களைக் குறை கூறிய டஃப்டியின் சேலஞ்சர் விமர்சனத்துக்கு 2002இல் பதில் எழுதினார்கள். பொறியாளர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். ஏவ வேண்டாம் என்று அவர்கள் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அதை மாற்றியது அவர்களுடைய நிர்வாகம். ஆகவே வரைபடத்தைக் குறை சொல்வது அநீதி. இந்த மறுப்பை ஏற்றே ஆக வேண்டும். நல்ல வரைபடம் அதிகாரத்தை வெல்லும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆனால் அவகாசம் உள்ள ஆய்வாளருக்கு அந்தச் சமாதானம் இல்லை. உங்கள் முடிவுக்கு ஒத்துவராத தரவையும், எதுவும் நிகழாத தரவையும் சேர்த்துக் காட்டுங்கள். கேட்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அதோடு, விட்டுவிட்ட தரவு உங்கள் முடிவையே தாங்கி நிற்பதாகவும் இருக்கக்கூடும்.

3. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வாக்கியத் தலைப்பு, ஒரு சான்று

இப்போது பவர்பாயின்ட்டைத் திறக்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியாளர்களுக்குத் தொடர்பியல் கற்பித்த மைக்கேல் ஆலி பரப்பிய முறை எளிமையானது. தலைப்பில் 'முடிவுகள்', 'விவாதம்' போன்ற ஒற்றைச் சொற்களை எடுத்துவிட்டு, அந்த ஸ்லைடு சொல்லும் கூற்றை முழு வாக்கியமாக எழுத வேண்டும். அதன் கீழே புள்ளி வைத்த பட்டியலுக்குப் பதில் அந்தக் கூற்றுக்கான சான்று வர வேண்டும். அது வரைபடமாகவோ, புகைப்படமாகவோ, நிலப்படமாகவோ, கல்வெட்டுப் படியாகவோ இருக்கலாம். முடித்ததும் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். அவை தொடர்ச்சியான ஒரு வாதமாக ஓடினால் உரை நிற்கும். எங்கே தாவுகிறதோ அங்கே ஒரு ஸ்லைடு குறைகிறது, அல்லது கூடுதலாக இருக்கிறது.

ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதி அதையே வாசிக்கும் பழக்கத்துக்கு எதிராக ஆய்வுச் சான்றே இருக்கிறது. படத்தைக் காட்டி வாயால் விளக்கும்போது, அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் ஓடவிட்டால் கற்றல் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. கண் ஒரே நேரத்தில் எழுத்தையும் படத்தையும் பார்க்க முடியாது. ஆனால் நம் அரங்குகளில் தமிழ்வழி படித்தவர்கள் ஆங்கில உரையைக் கேட்கிறார்கள், எழுத்து இல்லாவிட்டால் அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. அந்நிய மொழியில் கேட்பவருக்கும், கடினமான கலைச்சொற்கள் வரும் இடத்திலும் திரையில் எழுத்து உதவும் என்று மேயரே விதிவிலக்குச் சொல்கிறார். அதனால் கலைச்சொற்களையும் பெயர்களையும் எண்களையும் திரையில் வையுங்கள். வாக்கியங்களை வாயில் வையுங்கள்.

வரைபடத்தில் எதைத் தேர்வது என்பதற்கும் சான்று உண்டு. வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984இல் வெளியிட்ட சோதனைகளின்படி, ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடும். நீளத்தை அதற்கு அடுத்தபடியாக ஒப்பிடும். கோணத்திலும் பரப்பிலும் தடுமாறும். எனவே அளவுகளை ஒப்பிட வட்டப்படத்தைத் தவிர்த்துப் புள்ளிப்படத்தையோ பட்டைப்படத்தையோ போடுங்கள். முப்பரிமாண அலங்காரம் வேண்டாம். குறிவிளக்கப் பெட்டியை ஓரத்தில் வைக்காமல் கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் மட்டுமே வேறுபாட்டைக் காட்டும்படி விடாதீர்கள், அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா அரங்கிலும் இருப்பார்கள். எழுத்தளவு 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். தமிழ் எழுத்துருவைக் கோப்போடு பதித்துக்கொள்ளுங்கள், ஒரு பிடிஎஃப் பிரதியும் கையில் இருக்கட்டும். அரங்கக் கணினியில் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பது தவிர்க்கக்கூடிய விபத்து.

4. முடிவை முதலில் சொல்லுங்கள்

பதினைந்து நிமிட உரையில் ஆய்வு அறிமுகம், நோக்கம், கருதுகோள், முன்னோடி ஆய்வுகள், எல்லைகள் என்று பத்து நிமிடம் கழிவதும், முடிவு வரும்போது தலைவர் மணியடிப்பதும் நம் கருத்தரங்குகளின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வரிசையை மாற்றுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எது தெரியாமல் இருந்தது, நீங்கள் கண்டது என்ன என்று சொல்லிவிடுங்கள். முறையியலுக்கு, அந்த முடிவை நம்புவதற்குத் தேவையான அளவு மட்டும் நேரம் கொடுங்கள். பெரும்பகுதியைச் சான்றுக்கு ஒதுக்குங்கள். கடைசியில் எல்லையையும் அடுத்த கேள்வியையும் சொல்லி, முடிவை அதே சொற்களில் மீண்டும் சொல்லுங்கள். 'நன்றி' என்ற ஸ்லைடுக்குப் பதில் முடிவு வாக்கியமே கேள்வி நேரம் முழுவதும் திரையில் நிற்கட்டும்.

முடிவை முதலிலேயே உடைத்துவிட்டால் ஆவல் போய்விடும் என்பார்கள். ஆய்வைக் கேட்பவர் முடிச்சு அவிழ்வதற்காகக் காத்திருப்பதில்லை, நீங்கள் சொல்வதைச் சோதிக்கிறார். எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் ஒவ்வொரு எண்ணையும் அவர் பொருளோடு பார்ப்பார். பெரியவர்கள் கூடிய அவையில் எடுத்த எடுப்பில் முடிவைச் சொல்வது பணிவின்மை என்ற தயக்கமும் உண்டு. கூற்றைத் தெளிவாகச் சொல்லி அதன் எல்லையையும் ஒப்புக்கொள்வதே அவைக்குக் காட்டும் உண்மையான மரியாதை. அப்போதுதான் அவையோர் அதைத் திருத்த முடியும்.

5. வாய்விட்டு ஒத்திகை பாருங்கள்

மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, கடிகாரம் வைத்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். கொடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்படி முடியுங்கள். நேரம் போதவில்லையென்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு ஸ்லைடை எடுத்துவிடுங்கள். முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். தொடக்கப் பதற்றம் அடங்க முதலாவது உதவும், தடுமாறாமல் முடிக்க இரண்டாவது உதவும். வரைபடம் வந்ததும் முடிவுக்குத் தாவ வேண்டாம். கிடை அச்சில் என்ன, நெடு அச்சில் என்ன, ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது என்று சொல்லி, ஒரு புள்ளியை விரலால் காட்டி விளக்கிய பிறகே போக்கைப் பேசுங்கள். உங்களுக்கு மாதக்கணக்கில் பழகிய படம் அவர்களுக்கு அந்த நொடியில்தான் அறிமுகமாகிறது. ஒத்திகையை உங்கள் துறை சாராத ஒருவர் கேட்கட்டும். முடிந்ததும் 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வார். 'நான் கண்டது என்ன, சொல்லுங்கள்' என்று கேளுங்கள்.

6. கேள்விக்கும் ஸ்லைடு தயாரியுங்கள்

வல்லுநர்களுக்கு விவரம் வேண்டுமே, இப்படிச் சுருக்கினால் போதுமா என்ற ஐயத்துக்கு விடை இந்தப் படியில் இருக்கிறது. உரையிலிருந்து எடுத்த அட்டவணைகளும் மாதிரித் தேர்வின் விவரங்களும் புள்ளியியல் சோதனைகளும் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் எண்ணிட்டுக் காத்திருக்கட்டும். முழுக் கட்டுரையைக் கைப்பிரதியாகவும் கொடுங்கள். கொலம்பியா அறிக்கை சுட்டிய குறையும் இதுதான்: விவரம் தேவைப்படும் இடத்தில் அறிக்கை வேண்டும், ஸ்லைடு அந்தச் சுமையைத் தாங்காது. புறத்தேர்வாளர் கேட்கக்கூடிய பத்து கேள்விகளை நீங்களும் நெறியாளரும் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். அரங்கில் கேள்வியை முழுவதும் கேட்டு, அதைச் சுருக்கித் திரும்பச் சொல்லி, முதல் வாக்கியத்திலேயே விடை கூறுங்கள். விளக்கம் பிறகு வரட்டும். தெரியாததற்கு 'இந்தத் தரவை வைத்து அதைச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் இன்னதை அளக்க வேண்டும்' என்று பதில் சொன்னால் ஆய்வாளரின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

இத்தனை உழைப்பும் பேச்சை மெருகேற்றுவதற்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். முடிவை ஒரே வாக்கியமாக எழுத முயலும்போதுதான் கருதுகோளில் இருக்கும் ஓட்டை தெரியும். விட்டுப்போன தரவைச் சேர்க்கும்போதுதான் முடிவே மாறக்கூடும். அதனால் ஆய்வுரையை ஆய்வு முடிந்த பிறகு செய்யும் சடங்காக வைக்காதீர்கள். களப்பணி பாதியில் இருக்கும்போதே முதல் வரைவைத் தயாரித்து, துறை நண்பர்கள் நான்கு பேர் முன் பேசிப் பாருங்கள். திருத்திக்கொள்ள அவகாசம் இருப்பது அப்போதுதான்.