சொரோரிட்டி நம்ம ஊர்ல இருந்துச்சா?

'லீகலி ப்ளாண்ட்' படம் பார்த்தவங்களுக்கு சொரோரிட்டி என்ற வார்த்தை புதுசு இல்லை. பெரிய வீடு, வாசல்ல ரெண்டு மூணு கிரேக்க எழுத்து, உள்ளே கூட்டமா பொண்ணுங்க, ஓயாத பார்ட்டி. பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல மாணவிகள் மட்டும் சேர்ந்து நடத்துற சங்கம் அது. நீங்க போய்ச் சேர்ந்துட முடியாது. ஏற்கனவே உள்ளே இருக்கறவங்க உங்களைத் தேர்ந்தெடுக்கணும். சேர்ந்துட்டா டிகிரி முடிஞ்ச பிறகும் உறுப்பினர்தான்.

பார்ட்டியை மட்டும் பார்த்தா இது எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னே புரியாது. 1851-ல் ஜார்ஜியா மாநிலத்தின் வெஸ்லியன் கல்லூரியில மாணவிகள் அடெல்ஃபியன் சொசைட்டின்னு ஒண்ணு தொடங்கினாங்க. அது பெண்கள் கல்லூரி, அதனால அங்க பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது ஆண்கள் கல்லூரிகளுக்குள்ளே பெண்கள் நுழைஞ்சப்போதான். இந்தியானா மாநிலத்துல, இன்னிக்கு டிபாவ் பல்கலைக்கழகம்னு சொல்ற கல்லூரி, 1867-ல்தான் பெண்களைச் சேர்த்துச்சு. முதல்ல வந்த சிலர்ல பெட்டி லாக் ஒருத்தர். பசங்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி இருந்துச்சு, இவங்களுக்கு அதுல இடம் கிடையாது. 1870 ஜனவரி 27-ல் நாலு மாணவிகள் சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினாங்க. அப்போ 'சொரோரிட்டி'ன்னு ஒரு வார்த்தையே புழக்கத்துல இல்லை. லத்தீன்ல 'சொரோர்'னா சகோதரி. அதை வெச்சு இந்தப் பெயரைப் பரிந்துரைச்சவர் சிராக்யூஸ் பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ஒருத்தர். பொண்ணுங்க சங்கத்துக்குப் பேர் வெச்சதும் ஒரு சார்தான் பாருங்க!

இப்போ நம்ம பக்கம் வருவோம். கிரேக்க எழுத்து போட்ட வீடு நம்ம ஊர்ல எப்பவும் கிடையாது. ஆனா அந்த நாலு பேரோட நிலைமை இங்கேயும் வந்துச்சு, அதுவும் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல.

1940, கிண்டி பொறியியல் கல்லூரி. லலிதான்னு ஒரு பொண்ணு எலெக்ட்ரிக்கல் படிக்க விண்ணப்பிக்கிறாங்க. பதினஞ்சு வயசுல கல்யாணம், பதினெட்டு வயசுல கணவர் இறந்துட்டார், கையில நாலு மாசக் குழந்தை. அந்தக் காலத்துல ஒரு விதவைக்கு வீட்டு மூலைதான் இடம். அவங்க அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகள் குயீன் மேரிஸ்ல இன்டர்மீடியட் முடிச்சதும், முதல்வர் கே.சி. சாக்கோகிட்டப் பேசி அனுமதி வாங்கினார். அப்பா அங்கேயே பேராசிரியரா இல்லைன்னா இது நடந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். சரி, நடந்துச்சு.

நடந்ததுக்கு அப்புறம்தான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கு. நூத்துக்கணக்கான பசங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு. குழந்தை உறவினர் வீட்டுல, இவங்க ஹாஸ்டல்ல தனியா. கிளாஸ்ல யாரும் மோசமா நடந்துக்கலைன்னுதான் பின்னாடி பதிவாகியிருக்கு. பிரச்சினை தனிமை. ராத்திரி ஒரு கணக்கு புரியலைன்னா பக்கத்து ரூம் கதவைத் தட்ட முடியாது, பக்கத்து ரூம்ல யாரும் இல்லை. இதைக் கவனிச்ச அப்பா, பெண்களும் இங்கே படிக்கலாம்னு கல்லூரி சார்பா விளம்பரம் கொடுக்க வெச்சார். அதைப் பார்த்து ரெண்டு பேர் வந்தாங்க: பி.கே. த்ரேசியா, லீலம்மா ஜார்ஜ். ரெண்டு பேரும் சிவில், லலிதாவுக்கு ஒரு வருஷம் ஜூனியர். இரண்டாம் உலகப்போர் சமயம் படிப்புக் காலத்தைக் குறைச்சதால மூணு பேரும் ஏறக்குறைய ஒண்ணாவே பட்டம் வாங்கினாங்க. சான்றிதழ்ல ஆணைக் குறிக்கும் 'ஹீ' மட்டும்தான் அச்சாகியிருந்துச்சு. அதைப் பேனாவால அடிச்சு 'ஷீ'ன்னு எழுதிக் கொடுத்தாங்க.

மூணு பேர், ஒரு ஹாஸ்டல். பேரும் இல்லை, சின்னமும் இல்லை. என்னைக் கேட்டா நம்ம மாநிலத்துல இன்ஜினியரிங் படிச்ச பொண்ணுங்களோட முதல் சொரோரிட்டி இதுதான். அடுத்து என்ன ஆனாங்கன்னு பாருங்க. த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனாங்க. லலிதா கல்கத்தாவுல ஏ.இ.ஐ. கம்பெனியில பல வருஷம் டிரான்ஸ்மிஷன் லைன், சப்ஸ்டேஷன் டிசைன் பண்ணாங்க. பக்ரா நங்கல் அணைக்கான வேலையும் அதுல உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனாங்க. 24 வருஷம் முன்னாடி ஹாஸ்டல்ல தனியா இருந்தவங்களுக்கு அந்த ஹாலைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

கிண்டிக்கு முன்னாடியும் ஒரு வீடு இருக்கு. சென்னை மெரினா எதிர்ல, இப்போ விவேகானந்தர் இல்லம்னு சொல்ற ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டின கட்டடம். மாநில மாகாணமா இருந்த காலத்துலயே பி.ஏ. முடிச்ச முதல் இந்து விதவைகள்ல ஒருத்தரான சகோதரி சுப்புலட்சுமி, 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினாங்க. அவங்க நடத்தின விதவைகள் விடுதி அப்புறம் இந்த ஐஸ் ஹவுஸுக்கு மாறுச்சு. சின்ன வயசுலேயே விதவையான பொண்ணுங்க அங்க தங்கிப் படிச்சு டீச்சர் ஆனாங்க. அவங்களும் பதினொரு வயசு வாக்குல விதவையானவங்கதான்.

ஆனா அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். இதை விட்டுட்டு 'சகோதரி' என்ற வார்த்தையை மட்டும் கொண்டாட முடியாது. உள்ளே இருக்கறவங்களுக்குக் கதகதப்பா இருக்கற எந்த வீட்டுக்கும் ஒரு கதவு உண்டு, அது யாருக்குத் திறக்குதுங்கறதுதான் கேள்வி. அமெரிக்காவுலயும் இதே கதைதான். அங்க கறுப்பின மாணவிகள் 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினாங்க. நம்ம துளசேந்திரபுரத்து வம்சாவளி கமலா ஹாரிஸ் இதுல உறுப்பினர். 1913-ல் அதே ஹோவர்ட்ல தொடங்கின டெல்டா சிக்மா தீட்டா, அந்த வருஷம் மார்ச் 3-ல் வாஷிங்டன்ல நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில நடந்து போச்சு. இன்னொரு பக்கம் 2013-லயும் அலபாமா பல்கலைக்கழகத்துல வெள்ளை சொரோரிட்டிகள் கறுப்பின மாணவிகளை நிராகரிச்சுட்டு இருந்தாங்க. அதை வெளியே கொண்டு வந்தது டிவி இல்லை, 'தி கிரிம்சன் ஒயிட்' என்ற மாணவர் பத்திரிகை. நம்மளை மாதிரி ஒண்ணுதான்!

ஹார்வர்டு 2016-ல் ஆணுக்கு மட்டும், பெண்ணுக்கு மட்டும்னு இருக்கற சங்கங்கள்ல சேர்றவங்களுக்குக் கேப்டன் பதவி, சில ஸ்காலர்ஷிப் பரிந்துரை கிடையாதுன்னு விதி போட்டு, கேஸ் எல்லாம் நடந்து, 2020-ல் திரும்ப வாங்கிடுச்சு. அதுக்கு மேல அதுல பெருசா ஒண்ணும் இல்லை.

இதைப் படிக்கற நீங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம்தான். உங்க ஹாஸ்டல்ல பாதிப்பேர் செந்துறை, ஜெயங்கொண்டம், வேப்பந்தட்டையில இருந்து வந்த மக்காச்சோளக் காட்டுக்காரங்க வீட்டுப் பொண்ணுங்க, குடும்பத்துலேயே முதல் பட்டதாரிங்க. ஃபர்ஸ்ட் இயர்ல யார் உங்களுக்கு டிராஃப்டரும் லேப் கோட்டும் கொடுத்தாங்க? மேத்ஸ் அரியர் விழுந்தப்போ லோக்கல் ஆதர் புக்ல எந்த யூனிட் படிச்சா போதும்னு யார் சொன்னாங்க? டிபார்ட்மென்ட் அக்காதான். ராகிங்னு பயந்து சீனியர் கூடப் பேசவே விடாத வார்டன்களும் உண்டு. 1996-ல் நாவரசு கொலை, 1997-ல் ராகிங் தடைச் சட்டம்னு ஒரு வரலாறே இருக்கறதால அந்தப் பயம் நியாயம்தான். ஆனா அக்காவையும் சேர்த்துத் தடுத்துட்டா ஜூனியருக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

நமக்கு விடுபடுறது நாலாவது வருஷத்துக்கு அப்புறம். பசங்க சாயங்காலம் டீக்கடையில பழைய பேட்ச் அண்ணனைப் பார்க்கறாங்க, எந்தக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறாங்க. நாம ஆறு மணிக்கு கேட்டுக்குள்ள. போன பேட்ச் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி நம்பர் மாறிடும், அவ்வளவுதான். சொரோரிட்டிக்காரங்க பார்ட்டியை நாம காப்பி அடிக்க வேண்டாம். அவங்க வெச்சிருக்கற உறுப்பினர் பட்டியல் மட்டும் போதும்.

எங்க மாடியில போன வருஷம் ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டோம். பேர், டிபார்ட்மென்ட், இப்போ எங்க வேலை, மாறாத ஒரு மெயில் ஐடி, எந்த விஷயத்துக்குக் கூப்பிடலாம். வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கற அக்காக்கள் பேரும் உண்டு, டி.என்.பி.எஸ்.சி. பத்தி அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். டே ஸ்காலர்களும் எழுதலாம், எந்தக் காலேஜ், எந்த ஊர், என்ன ஆளுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. ஏப்ரல்ல நாங்க கிளம்பும்போது நோட்டு தேர்ட் இயர்கிட்டப் போயிடும். ஃபர்ஸ்ட் இயர்ல யாருக்காவது டிராஃப்டர் வேணும்னா கடைசிப் பக்கத்துல பேர் எழுதிடுங்க, ரெண்டு மிச்சம் இருக்கு.