கூடுதல் சம்பளமும் இஸ்திகாராவும்

இஸ்திகாரா என்றதும் நம்மில் பலருக்குக் கனவுதான் நினைவுக்கு வருகிறது. இஷாவுக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுது, துஆ ஓதி, ஒளுவுடன் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பச்சையோ வெள்ளையோ தென்பட வேண்டும். தென்பட்டால் காரியத்தில் இறங்கலாம். சிவப்போ கறுப்போ தென்பட்டால் விட்டுவிட வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. இஸ்திகாராவைக் கற்றுத் தரும் நபிமொழியில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதில் உள்ளது இவ்வளவுதான்: திருக்குர்ஆனின் ஒரு சூராவைக் கற்பிப்பது போன்ற சிரத்தையுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராவைக் கற்பித்தார்கள், ஒரு காரியத்தை நாடியவர் பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு இன்ன துஆவை ஓத வேண்டும் என்றார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் நமக்கு வந்த ஒரு கடிதம். எழுதியவர் சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் இளைஞர். சி.ஏ. படிப்பின் இடைநிலைத் தேர்வைத் தேறி, ஆர்ட்டிகிள் பயிற்சியில் எட்டு மாதம் முடித்திருக்கிறார். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டப்படி பயிற்சி இரண்டு ஆண்டுகள். அதன்பின் ஆறு மாதம் படித்து இறுதித் தேர்வு எழுத வேண்டும். இப்போது அவருக்குக் கிடைப்பது மாதம் 6,000 ரூபாய். ஷார்ஜாவிலுள்ள தாய்மாமா ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். சம்பளம் 3,500 திர்ஹம். நம் பணத்தில் ஏறத்தாழ 80,000 ரூபாய். அக்காவின் கலியாணத்துக்காக வாப்பா வாங்கிய கடன் நான்கு லட்சம் நிற்கிறது. “மூன்று இரவு இஸ்திகாரா தொழுதேன். கனவு ஒன்றும் வரவில்லை. போகலாமா, இருக்கலாமா?” என்று அந்தத் தம்பி கேட்கிறார்.

கனவு வராததில் குறை ஒன்றும் இல்லை. அவர் ஓதிய துஆவின் பொருளைக் கவனித்தாரா என்பதே நம் கேள்வி. அந்த துஆ, நாடிய காரியம் நல்லதா கெட்டதா என்பதை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கக் கற்றுக் கொடுக்கிறது. முதலாவது நம்முடைய தீன். இரண்டாவது நம்முடைய பிழைப்பு. மூன்றாவது காரியத்தின் முடிவு. இந்த மூன்றாவதை, உடனடியாக நேர்வது என்றும் பிந்தி நேர்வது என்றும் கூறியிருக்கலாமோ என்று அறிவிப்பாளர் ஐயம் தெரிவிக்கிறார். இரண்டு சொற்களையும் உலமாக்கள் பாதுகாத்து நம்மிடம் சேர்ப்பித்திருக்கிறார்கள். சம்பளம் என்பது உடனடி விஷயம். ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்து நாம் என்னவாக இருப்போம் என்பது பிந்திய விஷயம். இரண்டையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் அடியான், ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தொழுகைப் பாயை விரிப்பது பொருந்துமா?

அதிகச் சம்பளத்தை விரும்புவதே துன்யா ஆசை என்று சிலர் பேசுவதுண்டு. அப்படியன்று. ஹலாலான வழியில் கூடுதலாகத் தேடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. நாம் பேசுவது வரிசையைப் பற்றி.

தீனின் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது வேலையின் தன்மை. வட்டி வாங்குபவர், கொடுப்பவர் மட்டுமின்றி, அதை எழுதுபவரையும் சாட்சிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். கணக்கெழுதும் தொழிலில் இருப்பவருக்கு இது கழுத்தில் தொங்கும் விஷயம். வட்டியையே வியாபாரமாகக் கொண்ட நிறுவனத்தில் சேருவது வேறு. பொருள் வாங்கி விற்கும் கம்பெனியின் கணக்கில் பாங்கு வட்டி ஒரு வரியாக வருவது வேறு. இதன் விவரங்களைத் தம் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

அடுத்தது, கொடுத்த வாக்கு. இதைப் பலர் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. பயிற்சி என்பது ஆடிட்டரும் மாணவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். ஹழ்ரத் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்தபோது அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. ஒரு முதியவரிடம் எட்டு ஆண்டு ஊழியத்துக்கு ஒப்புக் கொண்டார்கள். பத்தாகப் பூர்த்தி செய்வது அவர்களின் விருப்பம் என்று பேச்சு. இரண்டு தவணைகளில் நீண்டதையே நிறைவேற்றினார்கள் என்று ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். எட்டு மாதத்தில் வேறிடத்தில் கூலி அதிகம் என்று கிளம்பிவிடுவது நபிமார்களின் நடைமுறைக்கு ஒத்ததன்று. ஆடிட்டரிடம் முறைப்படி கேட்டு, அவர் மனமொப்பி விடுவித்தால் அது வேறு விஷயம்.

மூன்றாவது, பிறருடைய ஹக்கு. தாய் தகப்பன் வறியவர்களாக இருந்து மகனுக்கு வசதியிருந்தால் அவர்களின் நஃபகா மகன் மேல் கடமை. ஆனால் தகப்பனார் உயிருடன் இருக்கையில் அவர் வாங்கிய கடன் அவருடைய பொறுப்பு; மகன் அடைத்தால் பெரும் உபகாரம், பெரும் நன்மை. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறியாமல், “கடன் இருக்கிறது, ஆகவே போவது பர்ளு” என்று தம்பிமார்களை ஏற்றிவிடுகிறோம். வாப்பாவின் சிறிய கடை வீட்டுச் செலவுக்குப் போதுமாக நடக்கிறது என்றும், கடன் உறவினர் இருவரிடம் வட்டியில்லாமல் வாங்கியது என்றும் கடிதத்தில் இருக்கிறது. கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி திருமறை கட்டளையிடுகிறது. அந்த அவகாசத்தைக் கேட்டுப் பார்த்தார்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. (கலியாணத்துக்கு நான்கு லட்சம் கடன் ஏன் வந்தது, கைக்கூலியாக எவ்வளவு போயிற்று என்பதையும் நாம் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இந்தத் தம்பியல்ல, பெண்ணெடுத்த வீட்டார்.)

இனிப் பிழைப்பின் கணக்கு. மாமாவிடம் விசாரித்து எழுதச் சொன்னோம். கம்பெனி தங்குமிடம் தராது. ஓர் அறையில் படுக்கை இடம் 700 திர்ஹம், சாப்பாடு 800, பஸ், டெலிபோன், சில்லறைச் செலவு 400. மிஞ்சுவது 1,600 திர்ஹம். சுமார் 37,000 ரூபாய். ஊரில் காதில் விழுந்த 80,000 அங்கே தரையில் இறங்கும்போது பாதிக்கும் குறைவு. இதுவும் 6,000 ரூபாயைவிடப் பெரிய தொகைதான், நாம் மறுக்கவில்லை. ஒரு நோய் நொடியின்றி மாதாமாதம் முழுவதையும் அனுப்பினால் பதினோரு மாதத்தில் கடன் தீரும்.

மற்றொன்றையும் பார்க்கச் சொன்னோம்: 3,500 என்பதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? 1,500 தானாம், மீதி படிகள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,500-க்குக் கணக்கிட்டால் வருஷத்துக்கு 1,050 திர்ஹம்தான் சேரும். முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் 2,450 சேர்ந்திருக்கும். முதல் ஆறு மாதம் வரை சோதனைக் காலம் வைக்கலாம். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் 14 நாள் முன்னறிவிப்பில் அனுப்பிவிடலாம். ஆளெடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது. ஆகவே எவரேனும் விசாவுக்கென்று லட்சம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

காரியத்தின் முடிவு என்ற மூன்றாவது இடத்துக்கு வருவோம். நம்மவர்களை இது அதிகம் ஏமாற்றுகிறது. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா வாசல் திறந்தது. அதற்கு முன்பே பர்மா, மலாயா, சிலோன் என்று சபர் செய்து பழகிய ஊர்கள் நம்முடையவை. போனவர்களில் அநேகர் “இரண்டு வருஷம்” என்றுதான் போனார்கள். கடனுக்காக ஒரு தவணை, வீட்டுக்காக ஒரு தவணை, தங்கைக்காக ஒரு தவணை, பிறகு மகளுக்காக என்று இரண்டு வருஷம் இருபத்தைந்தாகிவிட்டது. எந்த வேலையில் ஏறினார்களோ அதே வேலையில் இறங்கியவர்களே அதிகம். பாதியில் விட்ட படிப்பை முடித்துக் கொண்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 1990 ஆகஸ்டில் குவைத்தில் ஈராக் புகுந்தபோதும், 2020-இல் கொரோனா வந்தபோதும் உடுத்திய துணியோடு திரும்பியவர்களில், கையில் ஒரு சான்றிதழும் தொழில் தேர்ச்சியும் இருந்தவருக்கு மறுபடி எழுவது சுலபமாக இருந்தது.

இந்தத் தம்பிக்கு மீதமுள்ளது பயிற்சியில் பதினாறு மாதம், படிப்பு ஆறு மாதம். இறுதித் தேர்வு கடினமானது. முதல் முறையே தேறிவிடுவார் என்று நாம் உறுதி கூற முடியாது. ஆனால் தேறியபின் அதே ஷார்ஜாவுக்குப் போனாலும் அவர் உட்காரும் நாற்காலி வேறு.

இங்கே இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் ஓதிக் கொண்டிருந்தபோது அவர்கள் மிக வறிய மாணவர். தகப்பனார் ஒருநாள் பாடசபைக்கே வந்து அழைத்துப் போனார். “அபூ ஹனீஃபாவுக்கு அடுப்பில் ரொட்டி இருக்கிறது, உனக்குப் பிழைப்பு வேண்டும்” என்ற கருத்தில் புத்தி சொன்னார். மகனும் பாடத்தைக் குறைத்துக் கொண்டு சம்பாத்தியம் தேடினார். சில நாள் காணாத மாணவரை உஸ்தாது விசாரித்தார்கள். காரணம் தெரிந்ததும் சபை கலையும்வரை இருக்கச் செய்து ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. தீர்ந்ததும் சொல் என்றார்கள். தீர்ந்தது என்று சொல்லுமுன்னரே மறுபடி நூறு வந்தது. இப்படியே படிப்பு முடியும்வரை நடந்தது. பிற்காலத்தில் அபூ யூஸுஃப் அவர்கள் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் காழிகளுக்கெல்லாம் தலைவராக இருந்து ஹிஜ்ரி 182-இல் வபாத்தானார்கள். தகப்பனார் சிறுவயதிலேயே இறந்துவிட்டார், துணி வெளுப்பவரிடம் வேலைக்கு விட்ட தாயார்தான் வந்து இழுத்துப் போனார் என்று வேறொரு அறிவிப்பும் உண்டு.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது மாணவரின் பொறுமையைத்தான் பெரும்பாலும் புகழ்கிறோம். தகப்பனார் சொன்னது தவறன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பசி உண்மை. அந்தப் பசிக்கும் படிப்புக்கும் நடுவிலிருந்த பள்ளத்தை நிரப்பியது, துணி வியாபாரியாக வசதியோடிருந்த ஒரு பெரியவரின் பணம். இப்போதைய விஷயத்தில் அந்தப் பெரியவர் யார்? வேலை வாங்கித் தரும் அளவுக்கு அன்புள்ள அந்த மாமாதான். அவர் மருமகனுக்கு மாதம் 300 திர்ஹம் கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்தால் இருபத்திரண்டு மாதத்தில் 6,600 திர்ஹம் ஆகும். வேலையில் அமர்ந்தபின் மருமகன் சிறுகச் சிறுகத் திருப்பிவிடலாம். மாமாவுக்கு முடியாவிட்டால் ஊர் ஜமாஅத்திலோ பைத்துல்மாலிலோ கேட்கலாம். எழுதிக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். கடனை எழுதி வைப்பது திருமறையின் கட்டளை.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: ஆடிட்டரிடம் இருந்து பயிற்சியை முடிப்பதே மேல். கடன் கொடுத்தவர்கள் அவகாசம் தர மறுத்து, வாப்பாவின் கடையும் நின்றுபோய், உதவுவார் எவரும் இல்லை என்ற நிலை வருமானால், ஆடிட்டரிடம் சொல்லி விடுபட்டுப் போகலாம்; அப்போது அவர் மேல் பழி இல்லை. பெற்றோருக்குச் சோறு போடுவதற்காகப் படிப்பை விடுபவர் தோற்றவர் அல்லர்.

இதையும் நம் சொல்லோடு நிறுத்திக் கொள்ளாமல் மஷ்வரா செய்ய வேண்டும். ஹழ்ரத் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண்கேட்டு இருவர் வந்தபோது அவர்கள் நபிகள் நாயகத்திடம் ஆலோசனை கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவர் பொருளற்றவர் என்றும் மற்றவர் கடுமையானவர் என்றும் ஒளிக்காமல் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி சொன்னார்கள். ஆலோசனையில் குறையைச் சொல்வது புறம் ஆகாது. ஆனால் சபரிலிருந்து வருபவர்கள் அத்தரையும் கைக்கடிகாரத்தையும் காட்டுகிறார்களே தவிர, ஆறு பேர் படுக்கும் அறையைச் சொல்வதில்லை. அப்படி மறைக்காமல் சொல்லும் ஒருவரையும், அந்தப் படிப்பை முடித்த ஒருவரையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். இருவருக்கும் இதில் லாபம் ஒன்றும் இருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பின் இஸ்திகாரா. தொழுதபின் மனம் எதில் விரிகிறதோ அதைச் செய்யலாம் என்று இமாம் நவவி (ரஹ்) கூறுகிறார்கள். முன்பே நஃப்ஸ் ஆசைப்பட்டு ஓடிக் கொண்டிருந்த பக்கம் சாய்வதை அந்த விரிவாக எடுத்துக் கொள்ளக் கூடாது என்று இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) எச்சரிக்கிறார்கள். ஆகவே 80,000 என்ற சொல் காதில் ஒலித்துக் கொண்டிருக்கும் இரவில் அவசரப்பட வேண்டாம். மனம் ஒரு பக்கமும் சாயாதிருக்கும்போது தொழட்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் மறுபடி தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஸுப்ஹு தொழுதபின் சூரியன் உயரும்வரையும், அஸர் தொழுதபின் மஃரிப் வரையும் இந்தத் தொழுகை கூடாது. ஹனஃபிகளும் அந்நேரங்களைத் தவிர்க்க வேண்டும். முதல் ரக்அத்தில் குல் யா அய்யுஹல் காஃபிரூனும் இரண்டாவதில் குல் ஹுவல்லாஹு அஹதும் ஓதுவது நல்லது. துஆவில் “இந்தக் காரியம்” என்று வருமிடத்தில், பயிற்சியை விட்டு ஷார்ஜா வேலைக்குச் செல்வது என்பதை மனதில் தெளிவாக நினைக்க வேண்டும். துஆ மனப்பாடம் இல்லாதவர் ஸலாம் கொடுத்தபின் பார்த்து ஓதலாம். மாதவிடாய் போன்ற காரணத்தால் தொழ இயலாத பெண்களுக்குத் துஆ மட்டும் போதும்.