பழவேற்காட்டுப் பிள்ளைக்குக் காலநிலை அறிவியலில் வேலை உண்டா?

பழவேற்காட்டுக் கரையில் காலநிலை மாற்றம் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போகாது, இறால் குஞ்சு ஏரிக்குள் ஏறாது. மழை பொய்த்த ஆண்டின் கோடையில் ஏரித் தண்ணீர் கடல்நீரைவிடக் கரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணியாறு வெள்ளத்தோடு வந்து சேர்ந்தால் உப்பு சட்டென்று இறங்கிவிடும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என எந்தக் குப்பத்துப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் "இதையே படித்தால் வேலை கிடைக்குமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், வீட்டிலும் வெளியிலும் வரும் பதில்களில் பாதி தவறானவை. அந்தப் பதிலை நம்பிப் பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைவிட்ட பிள்ளைக்கு இந்தத் துறையின் பல கதவுகள் பிறகு திறப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: "விஞ்ஞானி ஆக டாக்டர் பட்டம் வேண்டும். அத்தனை வருஷம் படிக்க வைக்க நம்மால் ஆகாது."

உண்மை: ஆராய்ச்சி விஞ்ஞானி ஆவதற்கு அந்தப் பட்டம் இன்று பெரும்பாலும் தேவைதான். ஆனால் துறையே அதோடு முடிந்துவிடவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் என்றொரு பணி இருக்கிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. அதற்குத் தேர்வு நடத்துகிறது. இயற்பியல் ஒரு பாடமாக உள்ள பி.எஸ்சி., கணினி அறிவியல் பட்டம், அல்லது எலக்ட்ரானிக்ஸ் தொலைத்தொடர்பு டிப்ளமோ, இவற்றில் ஒன்றை முதல் வகுப்பில் முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 2022 அறிவிப்பில் 990 இடங்கள் இருந்தன. கருவிகளைப் பராமரிப்பது, பலூன் பறக்கவிட்டு மேல்வானத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளப்பது, வரும் தரவைச் சரிபார்ப்பது எல்லாம் இந்தப் பணியில் இருப்பவர்கள் செய்வது. புயல் எச்சரிக்கைக்கு அடித்தளம் இந்த அளவீடுகள்தான்.

அன்னா மாணியை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்த அவர், வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்துத் தரப்படுத்தினார். 1976இல் ஓய்வு பெற்றபோது துறையின் துணைத் தலைமை இயக்குநர். பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஆகாது என்பவர்களுக்கும் அவருடைய வாழ்க்கையே பதில்.

நம்பிக்கை: "சுற்றுச்சூழல் என்று பெயரில் இருக்கும் ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்தால் போதும்."

உண்மை: இந்த ஒரு தவறான எண்ணம்தான் அதிகம் பேரைத் திசைதிருப்புகிறது. காலநிலை அறிவியலின் எலும்புக்கூடு இயற்பியலும் கணக்கும். காற்று ஏன் நகர்கிறது, கடல் எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது, அடுத்த நான்கு நாளில் தாழ்வு மண்டலம் எங்கே போகும் என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓடவிட்டுத்தான் விடை காண்கிறார்கள். நிரல் எழுதத் தெரியாமல் இன்று இந்தத் துறையில் நகர முடியாது. மேலே சொன்ன எஸ்.எஸ்.சி. அறிவிப்பையே பாருங்கள்: பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் முதன்மைப் பாடங்களாக இருந்திருக்க வேண்டும் என்கிறது. பட்டம் எதுவானாலும் இந்த நிபந்தனை விடாது. ஆக, முடிவு எடுக்கப்படுவது கல்லூரி வாசலில் என்று நினைப்பது தவறு. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று தலைமையாசிரியர் கேட்கும் அந்தச் சில நிமிடங்களில் அது எடுக்கப்பட்டுவிடுகிறது. "கணக்கு கஷ்டம், மூணாவது குரூப் போட்டுடலாம்" என்று பெரியவர்கள் பிள்ளைக்காகப் பேசிவிடும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வணிகவியல் நல்ல படிப்பு. ஆனால் அதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும், கணக்குப் பயம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவருக்கு விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும், கொச்சியில் குசாட் பல்கலைக்கழகமும் வானிலையியல், கடலியல் முதுகலைப் படிப்புகளுக்குப் பெயர் பெற்றவை. கேட் என்னும் முதுகலை நுழைவுத் தேர்வில் வளிமண்டல, கடல் அறிவியலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. உயிரியலில் நாட்டமுள்ளவருக்கு வழி இன்னும் பக்கத்தில்: பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இலிருந்து மீன்வளப் படிப்புக்கும் பொருந்தும். உப்பும் வெப்பமும் மாறும் தண்ணீரில் மீன் என்ன ஆகிறது என்பதைப் படிப்பதும் காலநிலை அறிவியலின் ஒரு கை.

நம்பிக்கை: "எல்லாவற்றையும் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்கிறது, செயலியில் வந்துவிடுகிறது. ஆள் எதற்கு?"

உண்மை: ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் அந்தப் பகுதிக் கடலில் மீன்பிடிக்கத் தடை விழும். ஒரு நாள் வருமானம் போகும். அப்படி ஏவியவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். 2022 நவம்பர் 26இல் போன ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் காற்றையும் பார்க்கிறது. 2024 பிப்ரவரி 17இல் போன இன்சாட் 3டிஎஸ் புயல் மேகங்களைப் பார்க்கிறது. இத்தகைய தரவிலிருந்து ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் கடற்பகுதிகளையும் அலை உயரத்தையும் கணித்து மீனவர்களுக்கு அனுப்புகிறது. அந்த மீன் குறிப்பு கடலுக்கானது. ஒரு ஆள் ஆழம்கூட இல்லாத இடங்கள் நிறைந்த நம் ஏரிக்குள் எங்கே மடவை கிடைக்கும் என்று அது சொல்லாது. வானத்திலிருந்து எடுத்த அளவு சரிதானா என்று பார்க்கத் தண்ணீரில் ஒருவர் கருவியோடு இறங்கித்தான் ஆக வேண்டும். வந்த கணிப்பைக் கரைக்குப் புரியும் மொழியில் சொல்லவும் ஆள் வேண்டும். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலைக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் ஊருக்கு வாசித்தது. அதை நடத்தியவர்கள் அந்த ஊர்க்காரர்களே.

நம்பிக்கை: "தாத்தாவுக்குத் தெரிந்த காற்று, நீரோட்டமெல்லாம் அறிவியலில் சேராது."

உண்மை: சேரும். சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் எழுதிவைத்தது இன்று ஓர் ஆவணம். பழவேற்காட்டின் பாடு முறை, அதாவது சுத்து வலை போடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, உலக அளவில் படிக்கப்படுகிறது. ஏரி மாறும்போது அதை நம்பியவர்கள் எப்படி ஈடுகொடுக்கிறார்கள், பாடு உரிமை அதில் என்ன செய்கிறது என்று சாரா கூல்தார்ட் எழுதிய கட்டுரை 2008இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்தது. நம் ஏரியைப் பற்றி அடுத்த கட்டுரையை நம் பிள்ளை எழுதலாம். ஆனால் எதிர்ப்பக்க மயக்கமும் வேண்டாம். வாடைக்காற்றும் கச்சான்காற்றும் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். அந்த அறிவோடு அளவும் பதிவும் புள்ளியியலும் சேர்ந்தால்தான் அது தகுதியாகக் கணக்கில் வரும். இரண்டும் உள்ளவர் துறையில் மிகக் குறைவு.

நம்பிக்கை: "இனி எல்லாம் காலநிலைதான். வேலை கொட்டிக் கிடக்கும்."

உண்மை: கொட்டிக் கிடக்கவில்லை. இதை மறைத்துப் பிள்ளைகளை உசுப்பிவிடுவது பாவம். அறிவியல் உதவியாளர் அறிவிப்பு 2017க்குப் பிறகு 2022இல்தான் வந்தது. வயது வரம்பு 30. நிரந்தர ஆராய்ச்சிப் பணிகள் குறைவு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் ஆள் எடுக்கின்றன. அவற்றில் பல இடங்கள் திட்டம் முடியும்வரை மட்டுமே. தேசிய அளவிலான தேர்வில் வென்று இளநிலை ஆராய்ச்சியாளர் ஆனால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டுக்குப் பணம் அனுப்பவும் முடியும், ஆனால் திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். கடன் தலையில் இருக்கும் குடும்பம் இதை முன்பே தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

தனியார் பக்கம் வேறு மாதிரியான வேலை வளர்கிறது. பங்குச் சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தங்கள் கரிம வெளியீடு உள்ளிட்ட விவரங்களை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022–23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. அந்தக் கணக்கைப் போட ஆள் தேவை. வணிகவியல் படித்த பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு.

நம்பிக்கை: "இதைப் படித்தால் ஊரைவிட்டே போய்விட வேண்டியதுதான்."

உண்மை: படிக்கும்போதும் முதல் வேலையிலும் போகத்தான் வேண்டியிருக்கும். பிறகு திரும்பும் வழி முன்பைவிட அதிகம். தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம், மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம், கடலோரத்துக்கான நெய்தல் மீட்சி இயக்கம் எல்லாம் அண்மையில் தொடங்கியவை. பழவேற்காடு முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க நேர்கல் சுவர் கட்ட அரசு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுவர் கட்டியபின் மணல் எங்கே சேர்கிறது, ஏரியில் உப்பு எவ்வளவு, இறால் ஏறுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் அளந்து சொல்ல வேண்டும். முகத்துவாரத்தின் குணம் தெரிந்த ஒருவர் அந்த அளவெடுப்பில் இருப்பதற்கும் வெளியூர்க்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆகவே பெற்றோரிடம் என் கோரிக்கை ஒன்றுதான். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்: முதல் குரூப் இருக்கிறதா, கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா? இல்லையென்றால் பொன்னேரியில் எந்தப் பள்ளியில் இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.