தணிப்பதும் கொல்வதும் வேறு

தாவரங்களிலிருந்து நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து தேடி ஆய்வகத்துக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு, இத்துறையில் முடி நரைத்தவன் சொல்பவை இவை.

1. முதலில் நோயாளியை நினையுங்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதே நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முடக்குவாதத்திலும் லூபஸிலும் அந்தச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிறது. அங்கே தணிப்பதுதான் மருந்து.

2. நோயெதிர்ப்பை நடத்தும் டி செல்கள் பெருகவில்லை என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். செத்த செல்லும் பெருகாது. அதே அளவில் எத்தனை செல்கள் உயிரோடிருக்கின்றன, சோதித்த சேர்மத்தைக் கழுவி நீக்கினால் மீண்டும் பெருகுகின்றனவா என்று பாருங்கள்.

3. நல்ல முன்மாதிரியைக் கற்றுக்கொள்ளுங்கள். கொங்கோவில் பிரசவத்தை விரைவாக்கப் பெண்கள் குடித்த கஷாயத்தை நார்வே மருத்துவர் லோரன்ட்ஸ் கிரான் ஆராய்ந்தார். அதிலுள்ள கலாத்தா பி1, 29 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த பெப்டைடு, கொதித்தாலும் சிதையாது. இவ்வகைப் பெப்டைடுகள் டி செல்லைக் கொல்லாமலே, பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தின் வழியாக அதன் பெருக்கத்தைத் தணிப்பது பின்னாளில் தெரியவந்தது.

4. எங்கே போய்ப் பற்றுகிறது என்று கேளுங்கள். சீனத்தின் லெய்கோங்தெங் கொடியிலிருந்து 1972இல் பிரித்த டிரிப்டோலைடு வீரியம் மிக்கது. அது எக்ஸ்பிபி என்ற புரதத்தைப் பற்றுவதாக 2011இல் கண்டார்கள். மரபணுவைப் படியெடுக்க எல்லாச் செல்லுக்கும் அந்தப் புரதம் வேண்டும். எனவே குணமும் நஞ்சும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்தக் கொடி மருந்தை நெடுநாள் எடுத்தவர்களுக்கு விந்தணு குறைந்ததும் மாதவிடாய் நின்றதும் உண்டு.

5. மஞ்சள்மீதுள்ள பாசம் கண்ணை மறைக்கக் கூடாது. அதிலுள்ள குர்க்குமின் தானே ஒளிர்ந்து அளவீட்டைக் குழப்பும். பல புரதங்களில் ஒட்டும். வளர்ப்புத் திரவத்தில் விரைவில் சிதையும். குடலிலிருந்து ரத்தத்தில் சொற்பமே சேரும்.

6. செடியின் உலர்மாதிரியை ஹெர்பேரியத்தில் வையுங்கள். பறித்த இடத்தையும் பருவத்தையும் பகுதியையும் குறியுங்கள். சாற்றில் பாக்டீரிய எண்டோடாக்சின் கலந்திருந்தால் செல்கள் அதற்கே எதிர்வினை காட்டும். முன்னதாகவே சோதித்துவிடுங்கள்.

7. மூலிகை என்றால் தீங்கில்லை என்று எவரிடமும் சொல்லாதீர்கள். 2000இல் சூரிச்சிலிருந்து வெளியான அறிக்கைப்படி, மாற்று இதயம் பெற்ற இருவர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை உட்கொண்டார்கள். நிராகரிப்பைத் தடுக்க அவர்கள் எடுத்துவந்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்தது. உடல் அந்த இதயங்களை நிராகரிக்கத் தொடங்கியது.

8. செல்லில் கண்டதைச் செல்லில் கண்டதென்றும், எலியில் கண்டதை எலியில் கண்டதென்றும் மட்டுமே எழுதுங்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தவிக்கும் நோயாளியும் உங்கள் வரியைப் படிப்பார்.