தோற்கருவிகளுக்குச் சுருதி சேர்த்தல்

நரம்புக் கருவி, துளைக் கருவி, தோற்கருவி, கஞ்சக் கருவி என இசைக் கருவிகளை நான்காகப் பகுப்பது நம் நாட்டின் பழைய மரபு. இவற்றுள் நரம்புக் கருவிக்கும் துளைக் கருவிக்கும் சுருதி உண்டு என்பதை எவரும் ஒப்புவர். தோற்கருவிக்கும் சுருதி உண்டா என்று வினவினால் பலர் விடை கூறத் தயங்குவர். உலகிலுள்ள பறைகளிலும் முரசுகளிலும் பெரும்பாலானவை தாளத்தை மட்டுமே அறிவிக்கின்றன. அவற்றின் ஒலியைத் தம்புராவின் ஒலியோடு பொருத்திப் பார்த்தால் பொருந்துவதில்லை. ஆனால் மிருதங்கமும் தபலாவும் பாடகரின் ஆதார சட்ஜத்தோடு இழைந்து ஒலிக்கின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது, இக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்கும் முறை யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தோலை மேன்மேலும் இறுக்கினால் சுருதி சேர்ந்துவிடும் என்ற கருத்துப் பரவலாக உள்ளது. பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் உள்ள கருவிகள் பல கிழிந்து போவதற்கு இக்கருத்தே காரணமாகிறது. சுருதி சேர்த்தல் என்பது முதலில் தோலின் இழுவிசையை எல்லாப் பக்கத்திலும் சமமாக்குதல். உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதற்குப் பின் செய்யவேண்டியவை. இதனை உணர்ந்தால் கருவியும் பிழைக்கும், காதும் பயிற்சி பெறும்.

அதிர்வெண்ணை நிருணயிப்பவை

வளையத்தில் இழுத்துக் கட்டிய தோலின் அடிப்படை அதிர்வெண் மூன்றினைப் பொறுத்தது. தோலின் விட்டம் குறைந்தால் அதிர்வெண் அதே விகிதத்தில் உயரும். விட்டம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். இழுவிசை மிகுந்தால் அதிர்வெண் அதன் வர்க்க மூலத்திற்கு ஏற்ப உயரும். ஒரு சதுர அங்குலத் தோலின் நிறை மிகுந்தால் அதன் வர்க்க மூலத்திற்கு ஏற்ப அதிர்வெண் தாழும்.

இவ்விதியிலிருந்து கருவியைக் கையாளுவோர் அறியவேண்டிய சில எண்கள் கிடைக்கின்றன. சுருதியை அரைச்சுரம் உயர்த்த இழுவிசையை ஏறத்தாழ 12 விழுக்காடு கூட்டவேண்டும். ஒரு முழுச்சுரம் உயர்த்த 26 விழுக்காடு கூட்டவேண்டும். ஒரு ஸ்தாயி உயர்த்தவோ இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்; அதனை எந்தத் தோலும் தாங்காது. ஆகவே ஒரு கருவியை ஓரிரு அரைச்சுர எல்லைக்குள்ளேயே ஏற்றி இறக்கலாம். மிருதங்க வித்துவான்கள் தாழ்ந்த சுருதிக்குப் பெரிய கருவியையும், உயர்ந்த சுருதிக்குச் சிறிய கருவியையும் தனித்தனியே வைத்திருப்பது இதனாலேயாம்.

வெறுந்தோல் இசைப்பதில்லை

இழுத்துக் கட்டிய தந்தி அடிப்படைச் சுரத்தோடு பல மேற்சுரங்களையும் எழுப்புகிறது. அடிப்படை வினாடிக்கு 100 அதிர்வுகளானால், மேற்சுரங்கள் 200, 300, 400 என்று முழு மடங்குகளில் அமையும். செவி இவற்றையெல்லாம் ஒரே சுரமாக ஏற்றுக்கொள்கிறது.

சீரான வெறுந்தோலின் நிலை வேறு. அதன் அடிப்படை 100 ஆனால், அடுத்தடுத்த அதிர்வுகள் ஏறத்தாழ 159, 214, 230, 265, 292 என்று அமைகின்றன. இவை முழு மடங்குகள் அல்ல. ஒன்றோடொன்று இணங்குவதும் இல்லை. எனவே அவ்வொலியில் இன்ன சுரம் என்று செவியால் உறுதி செய்ய முடிவதில்லை. எவ்வளவு இறுக்கினாலும் இவ்வெண்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் உயருமேயன்றி, அவற்றின் பிணக்குத் தீராது.

தோலின் நடுவே இட்ட சாந்து

இப்பிணக்கை நம் நாட்டுக் கைவினைஞர்கள் தோலின் நடுவே கரிய சாந்தினை வட்டமாக அப்பித் தீர்த்தனர். மிருதங்கத்தில் இதனைக் கரணை என்றும் சோறு என்றும், தபலாவில் சியாகி என்றும் வழங்குவர். மிருதங்கக் கரணை, சோற்றோடு கருநிறக் கற்பொடியைக் குழைத்துச் செய்யப்படுகிறது. கைவினைஞர் அதனை ஒரே கனமாக அப்பிவிடுவதில்லை. மெல்லிய படலம் ஒன்றை இட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன்மேல் அடுத்த படலத்தை இடுவார். நடுவில் கனமும் ஓரத்தில் மென்மையும் அமையும்படி பல படலங்கள் இவ்வாறு ஏறுகின்றன. தேய்ப்பினால் சாந்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுவதால், அது பாறைபோல் விறைத்து நில்லாமல் தோலோடு வளைந்து கொடுக்கிறது.

இச்சாந்து செய்யும் வேலையை எளிதில் விளக்கலாம். அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதியே மிகுதியாக மேலும் கீழும் அசைகிறது. அங்கே நிறையைக் கூட்டினால் அவ்வதிர்வு வெகுவாகத் தாழ்கிறது. இரண்டாம் அதிர்விலோ தோல் ஒரு விட்டத்தின் இருபுறமும் மாறி மாறி அசைகிறது; அவ்விட்டம் அசையாத கணுக்கோடாக நிற்கிறது. நடுப்புள்ளி அக்கோட்டின்மேல் இருப்பதால், அங்கே இட்ட நிறை இவ்வதிர்வைச் சிறிதளவே தாழ்த்துகிறது. ஆகவே இரண்டிற்கும் இடையேயுள்ள விகிதம் 1.59 என்பதிலிருந்து 2ஐ நோக்கி விரிகிறது. 214, 230 ஆகிய இரு அதிர்வுகளுள் முன்னதற்கு நடுவில் அசைவு இல்லை, பின்னதற்கு உண்டு. எனவே பின்னது அதிகமாகத் தாழ்ந்து முன்னதோடு கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அடிப்படையின் மும்மடங்காக ஒலிக்கின்றன.

இவ்வுண்மையை 1920ஆம் ஆண்டில் சி. வி. இராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' என்னும் ஆங்கில இதழில் அறிவித்தனர். பின்னர் 1934இல் இந்திய விஞ்ஞான அகாதமியின் வெளியீட்டில் இராமன் இதனை விரிவாக எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினால், அசையாத கணுக்கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும். அம்மணற் கோலங்களைக் கொண்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாகத் தொகுதியுறுவதை அவர் காட்டினார். அவ்வைந்தும் 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் ஏறத்தாழ அமைகின்றன. தந்தியின் இயல்பைத் தோல் பெற்றுவிடுகிறது என்பதே இதன் பொருள்.

விரல் செய்யும் தெரிவு

ஒரே தோலிலிருந்து வெவ்வேறு சொற்களை வாத்தியக்காரர் எழுப்புவதும் இவ்விதிகளின்படியே. தோலைத் தட்டி விரலை உடனே எடுத்துவிட்டால் அடிப்படைச் சுரம் தடையின்றி ஒலிக்கிறது. 'நம்' என்னும் சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தில் மெல்லப் பதிந்திருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பைத் தட்டுகிறது. பதிந்த விரல் அடிப்படை அதிர்வை அடக்கிவிடுகிறது. அவ்விரலின் வழியாகக் கணுக்கோடு செல்லும் இரண்டாம் அதிர்வுக்கோ தடையில்லை. ஆகையால் அதுவே ஓங்கிக் கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையை ஆதார சட்ஜத்தோடு சேர்ப்பது 'நம்' என்னும் இவ்வொலியைக் கொண்டே. தபலாவிலும் 'நா' என்னும் சொல்லைக் கொண்டே சேர்ப்பர்.

சுருதி சேர்க்கும் முறை

வலந்தலையின் சுற்றுப் பின்னலில் வார்கள் நுழையும் கண்கள் 16 உண்டு, தபலாவிலும் அவ்வாறே. வித்துவான்கள் சிறு கல்லும் மரத்துண்டும் கொண்டு பின்னலைத் தட்டிச் சுருதி சேர்ப்பர். தபலாக்காரர் சிறு சுத்தியலைக் கையாளுவர். பின்னலைக் கட்டையை நோக்கிக் கீழே தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். செய்முறை வருமாறு:

1. தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ மீட்டி, ஆதார சட்ஜத்தைக் காதில் நன்கு பதிய வைத்துக்கொள்க.

2. கருவியைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, விளிம்பில் எட்டு இடங்களில் 'நம்' என்று வாசித்துப் பார்க்க. உயர்ந்து ஒலிக்கும் இடங்களையும் தாழ்ந்து ஒலிக்கும் இடங்களையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க.

3. ஓர் இடத்தின் ஒலியை நேர் எதிரிடத்தோடு ஒப்பிடுவதோடு நில்லாமல், கால் வட்டம் தள்ளியுள்ள இடத்தோடும் ஒப்பிடுக. ஒரு விட்டத்தின் வழியே இழுவிசை மிகுந்து அதற்குக் குறுக்கே குறைந்திருந்தால், எதிரெதிர் இடங்கள் ஒத்து ஒலித்தும் குறுக்கிடங்கள் மாறுபட்டே ஒலிக்கும்.

4. தாழ்ந்த இடத்தில் மெல்லத் தட்டி, உடனே அதன் எதிரிடத்திலும் தட்டுக. எட்டு இடங்களும் ஒரே ஒலி தரும்வரை இவ்வாறு செய்க. இந்நிலையில் அது தம்புராவோடு சேர்ந்திருக்கவேண்டும் என்பதில்லை.

5. எல்லாம் சமமானபின், சுற்று முழுவதையும் சிறிது சிறிதாக ஏற்றியோ இறக்கியோ தம்புராவோடு சேர்க்க.

சமமாகாத தோலை எவ்வாறு அறிவது? இழுவிசை ஒவ்வாதபோது இரண்டாம் அதிர்வு இரண்டாகப் பிளந்து, வினாடிக்கு 240, 243 என்பது போல நெருங்கிய இரு சுரங்களாக ஒலிக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி பெருகியும் சுருங்கியும் கேட்கும். இவ்விம்மல்கள் வினாடிக்கு எத்தனையோ, அத்தனையே இரு அதிர்வெண்களின் வேறுபாடு. மேற்கூறிய எடுத்துக்காட்டில் மூன்று. சமமாக்கிக்கொண்டே வருகையில் மூன்று இரண்டாகி, ஒன்றாகி, இறுதியில் மறையும். அப்போது ஒலி தெளிந்து நீண்டு நிற்கும். அதிர்வெண்ணைக் காட்டும் கைப்பேசிச் செயலிகள் உதவியாக இருக்கலாம். ஆயினும் தோலின் பல சுரங்களுள் ஒன்றைவிட்டு மற்றொன்றை அவை காட்டிவிடுவதும் உண்டு. விம்மலைக் கேட்கும் செவியே இறுதித் தீர்ப்பளிக்க வேண்டும்.

திருகாணி வைத்த முரசுகள்

அணிவகுப்பு வாத்தியக் குழுக்களின் சைடு டிரம், மேடைகளில் வாசிக்கும் டிரம் செட் ஆகியவற்றில் தோலை இறுக்கத் திருகாணிகள் உள்ளன. 1950களின் பிற்பகுதி முதல் இவற்றில் விலங்குத் தோலுக்கு மாற்றாகப் பாலியெஸ்டர் தகடு வழக்கத்திற்கு வந்தது. நடுவில் சாந்து இல்லாத இம்முரசுகளிலிருந்து மிருதங்கத்தின் தெளிந்த சுரத்தை எதிர்பார்த்தல் ஆகாது. எனினும் சமமாக்கும் விதி இவற்றுக்கும் பொருந்தும். திருகாணிகளை முதலில் கைவிரலால் மட்டும் இறுக்கி, பின்னர்ச் சாவி கொண்டு கால் சுற்றுக்கு மேற்படாமல், எதிரெதிர் இணையாக இறுக்கவேண்டும். ஒவ்வொரு திருகாணிக்கும் எதிரே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தட்டி ஒலியை ஒப்பிடவேண்டும்.

இம்முரசுகளுக்கு மேலும் கீழும் தோல் உண்டு. மேல்தோலைத் தட்டினால் உள்ளே அடைபட்ட காற்றின் வழியாகக் கீழ்த்தோலும் ஒத்ததிர்கிறது. இரண்டும் ஒரே சுரத்தில் இருந்தால் முழக்கம் நெடுநேரம் நீடிக்கும்; வேறுபட்டால் விரைவில் அடங்கும். விரைந்த நடைக்குக் குறுகிய ஒலியும், நிதானமான வாசிப்புக்கு நீண்ட ஒலியும் வேண்டப்படுமாதலால், வேண்டிய முழக்கத்தை இவ்வாறு தெரிந்துகொள்ளலாம்.

வகுப்பறையில் செய்துகாட்டுதல்

மிருதங்கத்தின் இடந்தலையில் நிலையான சாந்து இல்லை. வாசிப்பதற்கு முன் நீரில் பிசைந்த ரவையை அதன் நடுவே ஒட்டி, முடிந்தபின் எடுத்துவிடுவர். ரவையின்றி ஒரு முறையும், சிறிது ஒட்டி ஒரு முறையும், மேலும் ஒட்டி ஒரு முறையும் தட்டிக் காட்டுக. நிறை கூடக்கூட ஒலி தாழ்வதை மாணவர் தாமே கேட்டறிவர். மிருதங்கம் கிடைக்காத இடத்தில், அகன்ற தகரக் குவளையின் வாயில் ரப்பர்த் தாளை இழுத்துக் கட்டி, நடுவே பிசைந்த மாவை ஒட்டி இதனையே செய்யலாம். நிறையை நடுவிலிருந்து ஓரத்திற்கு நகர்த்தி, ஒலி மாறுவதையும் கேட்கச் செய்க. உலர்ந்த நுண்மணல் தூவிக் கணுக்கோடுகளைக் காட்டுதல் மூன்றாவது சோதனையாகும்; மணலை உடனே மென்மையான துணியால் துடைத்துவிடுதல் வேண்டும்.

பாதுகாப்பு

தோல் ஈரத்தை ஈர்த்துத் தளரும், உலர்ந்தால் இறுகும். மழைக்காலத்தில் சுருதி இறங்கிவிட்டதென்று வாரினை வலிந்து இறுக்கி வைத்தால், காற்று உலர்ந்ததும் தோல் கண்ணருகே கிழியக்கூடும். வெயிலில் காயவைத்தால் கரணை வெடித்துப் பெயரும். உறையிட்டு நிழலில் வைப்பதே தக்கது. இடந்தலையில் ரவையை ஒட்டியபடியே விடலாகாது. வாரினை மாற்றுவதையும் கரணை இடுவதையும் பயிற்சி பெற்ற கைவினைஞரிடமே ஒப்படைக்கவேண்டும்.

அவ்வாறு ஒப்படைக்கும் நாளை ஆசிரியர்கள் வீணாக்காதிருக்க வேண்டுகிறோம். தோல் அதிர்வின் கணக்கு நூல்களில் கிடைக்கும். எத்தனை படலங்கள் இடவேண்டும், எப்போது தேய்ப்பதை நிறுத்தவேண்டும், ஒலியில் எக்குறை தோன்றினால் எவ்விடத்தில் சாந்தைச் சுரண்டவேண்டும் என்பன கைவினைஞரின் கையிலும் காதிலும் மட்டுமே உள்ளன. அத்தொழிலை அடுத்த தலைமுறை ஏற்காத ஊரில் அவ்வறிவு அவரோடு முடிந்துவிடும். மாணவர் சிலருடன் அவர் பட்டறைக்குச் சென்று, ஒவ்வொரு படலத்திற்கும் பின் எழும் ஒலியைக் கேட்டுக் குறித்துக்கொள்க. அவருடைய பெயரையும் ஊரையும் அவர் இசைவு பெற்று அக்குறிப்பின் தலைப்பில் எழுதுக. அக்குறிப்பு பௌதிக வகுப்புக்குப் பாடமாகும். பின்னொரு நாள் அக்கருவியைச் செப்பனிடுவோருக்கு வழிகாட்டியும் ஆகும்.