குழந்தை எதையும் கடிப்பதேன்?

ஐந்தாறு மாதக் குழந்தை, அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கும். அதைக் கண்டு கையில் அடிக்கும் தாய்மார் உண்டு. அது குறும்பன்று, கல்வியே. ஒரு பொருளின் வடிவையும் மென்மையையும் குழந்தைக்கு முதலில் அறிவிப்பவை உதடும் நாவுமே. பல் முளைக்கும்போது ஈறு அரிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே, திருத்த வேண்டியது குழந்தையையன்று. அதன் கைக்கு எட்டும் இடத்தையே.

குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்ட வீடுகளில் தனிக் கவனம் வேண்டும். ரப்பர்க் கொட்டையின் பருப்பில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும், எந்தக் களைக்கொல்லியையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தலாகாது. பட்டன் பேட்டரி உணவுக்குழலில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்கும்.

கடிப்பதற்குக் கழுவிய மரக்கரண்டியோ, குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியோ கொடுத்து, அருகிலேயே இருங்கள். இரண்டு வயதுக்குப் பின்னும் மண், காகிதம் முதலியவற்றைத் தொடர்ந்து தின்றால் இரும்புச் சத்துக் குறைவு காரணமாயிருக்கலாம்; சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

நஞ்சு உட்கொண்ட குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். 999 எண்ணை அழையுங்கள். போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இன்றே ஒருமுறை முழந்தாளிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். குழந்தையின் கண்ணுக்குத் தெரிபவை அப்பொழுது உங்களுக்கும் தெரியும்.